கையெழுத்து சரியில்லையா? காப்பி நோட்டு வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

‘கையெழுத்தைக் கவனிக்கவும்’ என்று பள்ளி டைரியில் சிவப்பு மையில் ஒரு வரி வந்துவிட்டால், பெரும்பாலான வீடுகளில் அன்று மாலையே காப்பி நோட்டு வாங்கிவிடுகிறார்கள். தினமும் இரண்டு பக்கம். ஒரு மாதத்தில் நோட்டு தீர்ந்துவிடும், எழுத்து மட்டும் கோழி கிளறியது போல அப்படியே இருக்கும். பென்சிலைக் கண்டாலே குழந்தையின் முகம் சுருங்கத் தொடங்கியிருக்கும்.

கையெழுத்து என்பது கண் பார்த்ததை மனம் வடிவமாகப் பிடித்து, தோளும் மணிக்கட்டும் தாங்க, விரல்கள் தாளில் இறக்கும் வேலை. இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் தாளில் தெரிவது ஒன்றுதான்: மோசமான எழுத்து. எந்த இடத்தில் தடை என்று தெரியாமல் மேலும் மேலும் எழுதச் சொன்னால் தவறான பழக்கம்தான் இறுகும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். 4 முதல் 9 வயது வரையுள்ள, தமிழும் ஆங்கிலமும் சேர்த்து எழுதப் பழகும் பிள்ளைகளை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது.

1. முதலில் நான்கு மாதிரி எடுங்கள்

ஒரே வாரத்தில், வேறு வேறு நாளில், ஐந்து ஐந்து நிமிடம்: (அ) பக்கத்தில் உள்ள புத்தகத்தைப் பார்த்து எழுதுவது, (ஆ) சுவரில் ஒட்டிய பெரிய எழுத்தைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்த்து எழுதுவது, (இ) நீங்கள் சொல்லச் சொல்ல எழுதுவது, (ஈ) தானாக இரண்டு மூன்று வரி எழுதுவது. தாளின் மூலையில் தேதி போடுங்கள். எழுதும்போது கையை மட்டும் பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் ஒரு நிமிடம் படமெடுங்கள்.

பிறகு நான்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். புத்தகம் பார்த்து நன்றாக எழுதி, சுவரைப் பார்த்து எழுதும்போது மட்டும் கெட்டால் சந்தேகம் கண் மேல். பார்த்து எழுதுவது இரண்டும் நன்றாக இருந்து, சொல்வதை எழுதும்போது மட்டும் குழம்பினால், தடை கையில் இல்லை. ஒலியும் எழுத்தும் இன்னும் பொருந்தவில்லை என்று பொருள். அதற்குக் கை பயிற்சி எதுவும் உதவாது, வாசிப்புதான் உதவும். நான்கும் மோசமாக, மெதுவாக, கை வலிக்கிறது என்ற புகாரோடு இருந்தால் தோள், மணிக்கட்டு, விரல் பக்கம் பாருங்கள். முதல் இரண்டு வரி அழகாக இருந்து ஐந்தாவது வரியில் சரிந்தால் அது திறமைக் குறைவு அல்ல, களைப்பு.

இந்தத் தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். கண் மருத்துவரிடமும், பின்னால் தெரபிஸ்ட்டிடமும், தேவைப்பட்டால் சான்றிதழ் கேட்டுப் போகும் இடத்திலும் இவை பயன்படும்.

2. கண் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்

‘டி.வி. நன்றாகத் தெரிகிறதே’ என்பது பரிசோதனை ஆகாது. ஒரு கண் மங்கலாக இருந்தாலும் மறு கண்ணை வைத்துக் குழந்தை ஓட்டிவிடும். சோம்பேறிக் கண் என்று சொல்லப்படும் குறை 7 வயதுக்கு முன் பிடிபட்டால் சிகிச்சைக்கு நன்றாக இணங்கும். பிறகு கடினமாகிக்கொண்டே போகும். வேறு எதையும் தள்ளிப் போட்டாலும் இதைத் தள்ளாதீர்கள் என்று சொல்ல இந்த ஒரு காரணம் போதும்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது, தலையைச் சாய்ப்பது, மூக்கு தாளில் படும் அளவுக்குக் குனிவது, வாசிக்கும்போது வரி தவறுவது, பத்து நிமிடத்தில் தலைவலி என்பது ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள். தூரப் பார்வை அட்டையில் கடைசி வரி வரை படித்துவிட்டால் ‘கண் நார்மல்’ என்று அனுப்பிவிடக்கூடும். எழுதும் தூரத்தில் கண் குவிகிறதா, இரண்டு கண்ணும் சேர்ந்து உள்ளே திரும்புகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லி வாய்விட்டுக் கேளுங்கள்.

குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து விட்டுத்தான் பவர் சரியாகத் தெரியும். மருந்தைப் பொறுத்து ஒரு நாள் முதல் ஒன்றிரண்டு வாரம் வரை கிட்டத்தில் மங்கலாக இருக்கும், வெயில் கூசும். எனவே தேர்வு வாரத்தில் போகாதீர்கள், வெள்ளி மாலையோ சனிக்கிழமையோ போங்கள். பழைய கண்ணாடிச் சீட்டு, எடுத்த மாதிரித் தாள்கள், தொப்பி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

அரசுப் பள்ளி, அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குச் செலவில்லாத வழி உண்டு. 2013 முதல் நடக்கும் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் வரும். வரும் நாளைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அன்று பிள்ளையை விடுப்பு எடுக்க விடாதீர்கள்.

ஒரு பொறி: நிறக் கண்ணாடி போட்டால் எழுத்துக் குறையே போய்விடும் என்றும், கணினித் திரையில் கண் பயிற்சி செய்தால் படிப்பு வந்துவிடும் என்றும் பெரிய தொகை கேட்பார்கள். கண் குவிதல் குறைபாட்டுக்குப் பயிற்சி பலன் தரும், அது உண்மை. ஆனால் எழுத்தும் வாசிப்பும் வராததற்கு நிறக் கண்ணாடி மருந்து என்பதற்கு ஆதாரம் இல்லை. குழந்தைகள் கண் மருத்துவர் சொல்லாமல் பணம் கட்டாதீர்கள்.

3. உட்காரும் இடம்: அரை மணி நேர வேலை

பாதம் தொங்கினால் விரல் ஆடும். நாற்காலியில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையிலோ ஒரு முக்காலியிலோ பலகையிலோ முழுதாகப் பதிய வேண்டும். மேசையின் உயரம், தொங்கவிட்ட கையின் முழங்கை மடங்கும் இடத்துக்கு ஏறத்தாழ 5 செ.மீ. மேலே. பெரியவர்களின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதும் குழந்தையின் தோள் காதுக்கு ஏறியிருப்பதைப் பார்க்கலாம். உயரம் அதிகம் என்று பொருள்.

தரையில் சம்மணமிட்டு எழுதுவதில் தவறில்லை. நோட்டைத் தரையில் வைத்துக் குப்புறக் குனிந்து எழுதுவதுதான் தவறு. கணக்குப்பிள்ளை மேசை (தரையில் உட்கார்ந்து எழுதும் குட்டையான சாய்வு மேசை) கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. கிடைக்காவிட்டால் தடித்த கோப்பு அட்டையை, மேல்பக்கம் சுமார் 20 பாகை உயரும்படி புத்தகங்களின் மேல் சாய்த்து வையுங்கள். சாய்வுப் பரப்பில் மணிக்கட்டு தானாகப் பின்வாக்கில் மடங்கும். பென்சிலை அடக்கியாள அந்த மடக்கம் வேண்டும்.

வலக்கைக் குழந்தைக்குத் தாளின் மேல்முனை இடப்பக்கம் சாயட்டும், இடக்கைக் குழந்தைக்கு வலப்பக்கம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. இடக்கைக் குழந்தை பென்சிலை முனையிலிருந்து 3 செ.மீ. மேலே பிடித்தால்தான் எழுதியது தெரியும்; இல்லையென்றால் மணிக்கட்டைக் கொக்கியாக வளைக்கும். வகுப்பில் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள், பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது. கையை மாற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், பாட்டி சொன்னாலும் வேண்டாம்.

4. கை: தோளிலிருந்து விரலுக்கு

பயிற்சி என்று தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. சப்பாத்தி மாவு பிசைவது, ஈரத் துணி பிழிவது, கொடியில் கிளிப் மாட்டுவது, பட்டாணி உரிப்பது, கடலை உடைப்பது எல்லாம் விரல் வலுவுக்கு. பல்லாங்குழியில் புளியங்கொட்டைகளை ஒரே கையில் அள்ளி, ஒவ்வொன்றாகக் குழியில் விடுவது இன்னும் நுட்பமானது: உள்ளங்கையில் இருப்பதைக் கீழே விடாமல் ஒன்றை மட்டும் விரல்நுனிக்குக் கொண்டுவரும் திறன் அதில் வளரும். பென்சிலைப் பிடித்தபடி நகர்த்துவதும் அதே திறன்தான். அஞ்சாங்கல் கண்ணையும் கையையும் ஒரே நேரத்தில் பழக்கும். தோளுக்கு: சுவரில் மாட்டிய கரும்பலகையில் சாக்பீஸால் பெரிதாக வரைவது, ஒருவர் காலைப் பிடிக்கக் கைகளால் நடப்பது.

பென்சில் பிடியைப் பற்றி அதிகம் பயப்படுகிறோம். கட்டைவிரலும் சுட்டுவிரலும் பிடிக்க நடுவிரலில் பென்சில் தங்கும் மூவிரல் பிடி நல்லதுதான். நான்கு விரல் பிடியும், கட்டைவிரல் சற்றுக் குறுக்கே வரும் பிடியும்கூடத் தெளிவாக, வலியில்லாமல் எழுத விடுகின்றன. வலி இல்லை, வேகம் குறையவில்லை என்றால் ஏழு வயதுக்கு மேல் பிடியை மாற்றப் போராடாதீர்கள். முஷ்டியால் பிடிப்பது, விரல் அசையாமல் முழுக்கையையும் இழுப்பது, நகம் வெளுக்க அழுத்துவது ஆகியவற்றை மட்டும் திருத்துங்கள்.

திருத்தும் வழி எளிது. ஓர் அங்குல நீளத்துக்கு உடைந்த கிரேயானையும் சாக்பீஸ் துண்டையும் கொடுங்கள். துண்டு சிறிதாக இருந்தால் முஷ்டியால் பிடிக்கவே முடியாது. மோதிர விரலும் சுண்டு விரலும் விறைத்து நீட்டிக்கொண்டிருந்தால், அந்த இரண்டுக்கும் அடியில் ஒரு புளியங்கொட்டையைக் கொடுத்து ‘இது விழாமல் எழுது’ என்று சொல்லுங்கள். மிக அழுத்துகிற குழந்தைக்கு ஒற்றைத் தாளின் கீழே மடித்த துவாலையை வைத்து, தாள் கிழியாமல் எழுதச் சொல்லலாம். மிக மெலிதாக எழுதினால் 2பி பென்சில் கொடுங்கள்.

இந்த விளையாட்டுகள் மட்டும் கையெழுத்தைத் திருத்தாது. மூன்று மாதம் களிமண் பிசைந்துவிட்டு எழுத்து மாறவில்லையே என்று வருந்துபவர்கள் நிறைய. எழுத்தை எழுதித்தான் எழுத்து திருந்தும். கை வேலைகள் அந்த எழுத்துப் பயிற்சியைக் கை தாங்குவதற்குத்தான்.

5. கண்ணும் கையும் சேர: எழுத்துக்கு முன் வடிவம்

பார்த்ததை வரையும் திறன் ஒரு வரிசையில் வரும். நின்ற கோடு, படுத்த கோடு, 3 வயதையொட்டி வட்டம், 4 வயதையொட்டிக் கூட்டல் குறி, பிறகு சதுரம், சாய்ந்த கோடுகள், 5 வயதையொட்டிப் பெருக்கல் குறி, அதன் பின் முக்கோணம். பெருக்கல் குறி வரை பார்த்து வரையும் குழந்தை எழுத்துக்குத் தயார் என்று கொள்ளலாம். சாய்கோடே வராத எல்.கே.ஜி. பிள்ளையை ‘அ’ எழுதச் சொல்வது, நிற்கத் தெரியாதவரைப் படியேறச் சொல்வது போன்றது. பள்ளி வற்புறுத்தினாலும் வீட்டில் வடிவத்தையே பழக்குங்கள்.

இதற்கு நம்மிடம் கோலம் இருக்கிறது. சிலேட்டில் நேர்ப்புள்ளியாக 3 வரிசை, 3 புள்ளி வையுங்கள். நீங்கள் இரண்டு புள்ளிகளை ஒரு கோட்டால் இணையுங்கள். குழந்தை தன் சிலேட்டில் அதே இடத்தில் இணைக்கட்டும். இரண்டு கோடு, மூன்று கோடு, பிறகு சாய்கோடு என்று கூட்டுங்கள். இது தடுமாறாமல் வந்ததும் 5 புள்ளிக்குப் போங்கள். அதன் பிறகு சிக்குக் கோலம்: புள்ளியைத் தொடாமல் சுற்றி வளைத்து வர வேண்டும், தமிழ் எழுத்தின் சுழிக்கு இதைவிட நல்ல முன்பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. கோலமாவைக் கிள்ளி எடுத்து விடும்போது சேரும் விரல்கள்தான் பென்சிலையும் பிடிக்கின்றன.

6. எழுத்தை எப்படிப் பழக்குவது

அகர வரிசையில் தொடங்காதீர்கள். ‘அ’ வடிவத்தில் கடினமானது. நேர்கோடுகளால் ஆன ட, ப முதலில். ‘ப’வின் வலப்பக்கத்தை மேலே வளைத்து உள்ளே இறக்கினால் ம. மூன்று எழுத்திலேயே பட்டம், மடம், படம் என்று சொற்கள் வந்துவிடும். அடுத்து உடல் ஒன்றாகவும் கடைசி வளைவு மட்டும் வேறாகவும் உள்ள க, ச, த. பிறகு சுழி எழுத்துகள்.

ஓர் எழுத்துக்கு ஒரு நாள் இப்படி: நீங்கள் சிலேட்டில் பெரிதாக, எங்கே தொடங்கி எப்படிப் போகிறோம் என்று வாயால் சொல்லிக்கொண்டே எழுதுங்கள் (‘மேலிருந்து கீழே, அப்படியே வலப்பக்கம்’ என்றால் ட). குழந்தை ஈரப் பஞ்சுத் துண்டால் அந்தக் கோட்டின் மேலேயே போய் அழிக்கட்டும். அடுத்து காய்ந்த துணித் துண்டால் அதே வழி. அதன் பின் பல்பத்தால் எழுதட்டும். பிறகு சிலேட்டை மூடிவிட்டு, நினைவிலிருந்து ஒருமுறை. கடைசியாக நோட்டில் ஐந்து தடவை மட்டும். ஐந்தில் எது நன்றாக வந்தது என்று குழந்தையையே வட்டமிடச் சொல்லுங்கள். முடிந்தது, எட்டு நிமிடம்.

ஐம்பது தடவை எழுதச் சொல்லும் இம்போசிஷனில் ஆறாவதிலிருந்து எழுத்து தேயும். குழந்தை பழகுவது அந்தத் தேய்ந்த வடிவத்தை. புள்ளிக் கோட்டின் மேல் எழுதும் அச்சுப் புத்தகங்களும் அப்படித்தான். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் புள்ளிகளை இணைத்தபடியே பக்கத்தை முடித்துவிடலாம். இரண்டு மூன்று தடவைக்கு மேல் அதைத் தராதீர்கள்.

குழந்தை பல்பத்தைத் தின்னும் பழக்கம் இருந்தால் அதட்டி நிறுத்துவதோடு விடாமல், மருத்துவரிடம் சொல்லி இரும்புச் சத்துக் குறைவு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். எழுதும்போது வரும் களைப்புக்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

7. தமிழுக்கே உரிய தடைகள்

கொம்பு. ‘கெ’ என்று கேட்கும்போது முதலில் காதில் விழுவது க். ஆனால் தாளில் முதலில் வருவது கொம்பு. குழந்தை ‘க’ எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் இடப்பக்கம் இடமில்லை, கொம்பை இடுக்கில் நுழைக்கும். ‘கொ’வில் இரண்டு பக்கமும் இதே கதை. வாயால் சொல்லிப் பழக்குங்கள்: ‘கொம்பு, க, கால்’. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் கொம்புக்கு ஒரு கட்டம், எழுத்துக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று இரண்டு வாரம் எழுதினால் இடைவெளிக் கணக்கு கைக்கு வந்துவிடும்.

சுழி எண்ணிக்கை. இரண்டு சுழி ன, மூன்று சுழி ண என்ற பெயரிலேயே விடை இருக்கிறது. எழுதும்போது சுழியை வாய்விட்டு எண்ணட்டும். ‘ர’வும் காலும் வேறாவது கீழே சாய்ந்திறங்கும் சிறு கோட்டில். அதற்கு வரிக்குக் கீழே இடம் வேண்டும்.

உகரம். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். சு, பு, யு, வு இன்னொன்று. து, நு, ணு, லு, று, னு மூன்றாவது. க-வரிசை, ச-வரிசை என்று நீளவாக்கில் கற்பித்தால் இந்த ஒழுங்கு கண்ணில் படாது. குடும்பமாகச் சேர்த்து எழுதினால் மூன்று அசைவுகளைப் பழகினால் போதும்.

புள்ளி. சொல் முழுவதையும் எழுதிவிட்டுக் கடைசியில் புள்ளி வைக்கும் பிள்ளைகளுக்கு அது பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்காரும். எழுத்து முடிந்த கையோடு புள்ளி.

நோட்டு: தமிழுக்கு இரட்டைக் கோடு, ஆங்கிலத்துக்கு நான்கு கோடு. இரண்டையும் ஒரே மாலையில் பழக்க வேண்டாம். ஆங்கிலத்தில் b-யும் d-யும் திரும்பி விழுவது 7 வயது வரை சாதாரணம்.

8. எவ்வளவு காலம், எவ்வளவு செலவு

நாளுக்கு 10 முதல் 15 நிமிடம், வாரத்தில் 5 நாள். அதில் முதல் மூன்று நிமிடம் கை வேலை, மீதி எழுத்து. 20 அமர்வுக்குக் குறைந்தால் மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். 8 முதல் 12 வாரம் ஒதுக்குங்கள். நான்காவது வாரம் மீண்டும் அந்த நான்கு மாதிரிகளை எடுத்துப் பழையதோடு ஒப்பிடுங்கள். முதலில் தெளிவு வரும், வேகம் அதற்குப் பின்தான் வரும். சிலேட், பல்பம், சாக்பீஸ், முக்கோணப் பென்சில், இரண்டு வகை நோட்டு எல்லாம் சேர்த்து சுமார் 300 ரூபாய்க்குள் அடங்கும்.

பயிற்சி நடக்கும் மாதங்களில் வீட்டுப்பாடத்தின் அளவைப் பாதியாக்கித் தரும்படி வகுப்பாசிரியரிடம் கடிதமாகவே எழுதிக் கொடுங்கள். முன்வரிசை இடம், பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு தாள், இந்த இரண்டையும் அதிலேயே கேளுங்கள்.

9. எப்போது நிபுணரிடம் போவது, என்ன காகிதம் வேண்டும்

முன்பு நன்றாக எழுதிய பிள்ளையின் எழுத்து சில நாளில் திடீரெனக் கெட்டால், கை தானாகத் துள்ளினால், ஒரு பக்கம் வலுவிழந்தால் பயிற்சி எதுவும் வேண்டாம், உடனே குழந்தைகள் மருத்துவர். மற்றபடி, 12 வாரம் ஒழுங்காகச் செய்தும் அசைவில்லை, 6 வயதைத் தாண்டியும் எந்தக் கை என்று முடிவாகவில்லை, பொத்தான் போடுவதும் சாப்பிடுவதும்கூடத் தடுமாற்றம் என்றால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டை (எழுதுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்குக் கையையும் உடலையும் பழக்கும் நிபுணர்) பாருங்கள்.

இலவச வழிகள்: மாவட்ட அரசு மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரியில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் (DEIC), அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள். சென்னையை ஒட்டியிருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் உண்டு. தனியார் மையத்தில் ஓர் அமர்வுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் வரை ஆகும். வாரம் இருமுறை என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு மாதக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். முதல் மதிப்பீட்டின் அறிக்கையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதில் இலக்கு என்ன, எத்தனை வாரத்தில் என்று இருக்க வேண்டும். ஒவ்வோர் அமர்விலும் உண்மையிலேயே எழுத வைக்கிறார்களா என்று பாருங்கள். ஊஞ்சலும் பந்தும் மட்டும் என்றால் வேறு இடம் தேடுங்கள்.

எழுத்து வராமை கற்றல் குறைபாட்டின் பகுதியாக இருந்தால், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கும் 21 வகைகளில் அதுவும் ஒன்று. சான்றிதழ் பொதுவாக 8 வயதுக்குப் பிறகே கிடைக்கும், அதற்கு முன் அலைவது வீண். விண்ணப்பத்துக்கு ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று. மதிப்பீட்டுக்குக் கண், காது பரிசோதனை முடிவுகள், பள்ளி அறிக்கை, நீங்கள் சேர்த்து வைத்த மாதிரித் தாள்கள். கண், காது முடிவு இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு முழு நாள் போய்விடும்.

சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், தேவைப்பட்டால் சொல்வதை எழுதுபவரும் கேட்கலாம். மூன்று மணி நேரத் தாளுக்கு சி.பி.எஸ்.இ. 60 நிமிடம் கூட்டித் தருகிறது. தமிழ்நாட்டு மாநில வாரியத்திலும் இந்தச் சலுகை உண்டு. விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகத்தான் அரசுத் தேர்வுகள் துறைக்குப் போகும். பத்தாம் வகுப்பில் தேர்வு அறிவிப்பு வந்த பிறகு ஓடாமல், ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளியில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுவிடுங்கள். கொடுத்த கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி, அசல்களை ஒரு கோப்பிலும் நகல்களை இன்னொன்றிலும் வையுங்கள். மதிப்பீட்டுக்குப் போகும்போது அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.